அட்மிரலும் எமது பேரனும்

தபாற்காரனை எதிர்பார்த்துப் படலையடியில் நின்ற காலம் போய், கடிதங்கள் யாவும் கைத்தொலைபேசியிலேயே வந்து விழும் காலம் வந்துவிட்டது. வந்து விழுபவற்றுள் பெரும்பாலானவை ஒரு வரி, இரண்டு வரி. "சுகமா?" என்று கேட்டுவிட்டு, நாம் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்கு முன்னரே ஒரு மஞ்சள் முகத்தைச் சிரிக்கவிட்டுப் போய்விடுவார்கள். ஆதலால், அவுஸ்திரேலியாவிலிருந்து எமது தமக்கையாரின் பேரன் ஒன்றரைப் பக்க அளவில் ஒழுங்கான கடிதமொன்றைத் தமிழிலேயே எழுதி அனுப்பியிருந்தபோது, அதனை இரண்டு முறை வாசித்தோம். முதன்முறை வாசித்தது அவனுடைய தமிழைக் கண்ட மகிழ்ச்சியினால். இரண்டாம் முறை வாசித்தது, அதிலிருந்த செய்தி தந்த கலக்கத்தினால்.

பையனுக்கு வயது இருபத்துமூன்று. அங்கே பொறியியல் படித்து முடித்தவன். அந்நாட்டுக் கடற்படையிலே ஹெலிகொப்டர் ஓட்டும் பயிற்சிக்குத் தெரிவாகியிருக்கிறானாம். "தாத்தா, அம்மா அழுதுகொண்டே இருக்கிறா. ஹெலிகொப்டர் ஓட்டுகிறவன் எல்லாரும் கெட்டவன் என்று நினைக்கிறா. இந்தியாவிலே ஒரு ஹெலிகொப்டர் ஓட்டி கடற்படைக்கே தலைவராக வந்திருக்கிறார். பெயர் கரம்பீர் சிங். அவரைப் பற்றி வாசித்துப் பார்த்து நீங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தான்.

மறுநாட் காலையில் தாயின் அழைப்பு வந்தது. "மாமா, உங்கட சொல்லுக்குத்தான் அவன் மதிப்புக் குடுப்பான். வேண்டாம் எண்டு எழுதுங்கோ. வேற எந்த வேலைக்குப் போனாலும் பரவாயில்லை. ஹெலி மட்டும் வேண்டாம்."

ஆக, மகன் ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமுமாக எமது கையிலே ஒரு வழக்கைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் பாடசாலையிலே தீர்ப்புக் கூறிப் பழகிய எமக்கு, இந்த வழக்கிலே நாமும் ஒரு கட்சிக்காரர் என்பது உடனேயே புலப்பட்டது.

எமது ஊரிலே ஹெலிகொப்டரை எவரும் முழுப்பெயர் சொல்லி அழைத்ததில்லை. முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட வேண்டியிருந்தமை காரணமாகலாம். அது வருவதை முதலில் அறிவன நாய்கள். அவற்றின் பின் காகங்கள். அவற்றின் பின் குழந்தைகள். எம்மைப் போன்ற பெரியவர்கள் அறிவது எல்லோருக்கும் கடைசியாகத்தான். 1986ஆம் ஆண்டின் மாரிகாலத்துக் காலைப்பொழுதொன்றில், தபாற்கந்தோரிலே வேலைபார்த்த எமது அத்தான், வயலோரத்திலே கட்டியிருந்த பசுவை அவிழ்த்து வரப் போனார். ஹெலி தாழப் பறந்து வந்தது. பசு தானாகவே வீடு வந்து சேர்ந்தது. அத்தானைக் கழற்றிய கதவொன்றிலே கிடத்தி நாமும் அயலவருமாகத் தூக்கி வந்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதற்கு வாகனம் தேடி அலைகையிலேயே அவருடைய மூச்சு அடங்கிவிட்டது. மருமகளுக்கு அப்பொழுது ஒன்பது வயது. குழிக்குள் இருந்தபடி வெடிச் சத்தத்தைத் தான் எண்ணிக்கொண்டிருந்ததாகப் பல ஆண்டுகளின் பின் ஒருநாள் எம்மிடம் கூறினாள். எத்தனை என்று அவள் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை.

அந்த ஹெலி எந்தக் கொடியின்கீழ்ப் பறந்தது என்பதை இங்கே பேசப்போவதில்லை. அதனை ஓட்டியவனின் முகத்தை நாம் கண்டதில்லை. ஆயின், காணாத அந்த முகத்தை நாமே மனத்தில் வரைந்து, நாற்பது ஆண்டுகளாக அழியாமற் காத்து வைத்திருந்தோம். பேரன் குறிப்பிட்ட அட்மிரலின் படத்தைத் தேடி எடுத்தபோது அந்த முகத்தையே எதிர்பார்த்தோம் என்று கூறினால் வாசகர்கள் நகைக்கலாம். படத்திலிருந்தவரோ தலைப்பாகையும் நரைத்த தாடியுமாக, பாடசாலை அதிபரொருவரைப் போலத் தோன்றினார். மார்பிலே பறப்பவர்களுக்குரிய சிறகுச் சின்னம் குத்தியிருந்தது. சரி, வாசிப்போம் என்று உட்கார்ந்தோம்.

கரம்பீர் சிங் 1959 நவம்பர் 3ஆம் திகதி பஞ்சாப்பின் ஜலந்தர் நகரிலே பிறந்தவர். கடல் என்பதைப் படத்திலே மாத்திரம் காணத்தக்க ஊர் அது. தகப்பனார் விமானப்படை அதிகாரி. மகன் மகாராஷ்டிரத்திலே தேவ்லாலி என்னும் ஊரிலுள்ள பார்ன்ஸ் பாடசாலையிலே படித்து, தேசிய பாதுகாப்புக் கழகத்திற் சேர்ந்து, 1980 ஜூலையில் கடற்படை அதிகாரியானார். இரண்டு ஆண்டுகளின் பின், 1982இல், ஹெலிகொப்டர் ஓட்டியாகச் சிறகு பெற்றார். தகப்பனுக்கு ஆகாயம், மகனுக்குக் கடல், ஈற்றில் மகன் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

அவர் ஓட்டிய சேதக் என்னும் ஹெலிகொப்டரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பிரான்ஸ் தேசத்தவர் அதற்கு இட்ட பெயர் அலுவெட். வானம்பாடி என்பது பொருள். பெங்களூரிலே உரிமம் பெற்று அதனைக் கட்டத் தொடங்கிய இந்தியர், இராணா பிரதாபின் குதிரையின் பெயரைச் சூட்டினர். 1576இல் ஹல்திகாட்டிப் போர்க்களத்திலிருந்து காயமுற்ற தன் தலைவனைச் சுமந்து கரைசேர்த்துவிட்டு உயிர்விட்டதாகச் சொல்லப்படும் குதிரை அது. வானம்பாடியோ, குதிரையோ, எமது கண்ணுக்கு அது கண்ணாடித் தலையும் மெலிந்த உடலும் கொண்ட ஒரு தும்பி போலவே தெரிகின்றது. ஓட்டியுடன் ஏழு பேர் ஏறலாம். எஞ்சின் ஒன்றே ஒன்று. பக்கத்திலே ஒரு சுழல்உருளையும் கம்பிக் கயிறும் பொருத்தி, கடலிலே தத்தளிப்பவனை மேலே தூக்கியெடுக்கலாம்.

தரையிலே ஹெலிகொப்டரை இறக்குவதற்கும் கப்பலின் மேல்தளத்திலே இறக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை, வள்ளத்திலே ஏறியிறங்கிய எவரும் ஊகிக்கலாம். காரைநகர்க் கடலிலே அலையடிக்கும் நாளொன்றில் இறங்குதுறையிலிருந்து வள்ளத்துக்குள் காலெடுத்து வைத்திருப்பீர்கள். வள்ளம் மேலே எழும்போது கால் வைத்தால் முழங்கால் வலிக்கும். கீழே போகும்போது வைத்தால் வயிற்றைக் கலக்கும். இடையிலே ஒரு கணம் அது அசையாமல் நிற்கும். அந்தக் கணத்தைப் பார்த்துத்தான் ஊரவர்கள் இறங்குவார்கள். கப்பலிலே இறங்கும் ஓட்டி தேடுவதும் அந்தக் கணத்தையே. கப்பலோ முன்னே ஓடிக்கொண்டிருக்கும். மேலும் கீழுமாய் எழுந்து விழும். பக்கத்துக்குப் பக்கம் உருளும். தளத்திலே நிற்பவன் இரு கைகளாலும் சைகை காட்டுவான். இறங்கியவுடனே ஆட்கள் ஓடிவந்து சில்லுகளைச் சங்கிலியினாற் பிணைக்கவேண்டும். தவறினால் அடுத்த உருளலிலே இயந்திரம் கடலுக்குப் போய்விடும். இரவாயின் தொல்லை இரட்டிப்பு. நிலவில்லாத இரவிலே கடலுக்கும் வானத்துக்கும் எல்லைக்கோடு தெரியாது. உடல் சொல்லும் மேல் கீழ் என்பதை நம்பாமல், முன்னேயுள்ள கருவிகளின் முட்களை மாத்திரம் நம்பியிருக்க வேண்டும். உள்ளிருந்து ஒரு குரல் "நீ சரிந்துகொண்டிருக்கிறாய்" என்று கூவிக்கொண்டேயிருக்க, அக்குரலைப் பொய்யென்று தள்ளிவிடப் பழகுவதே பயிற்சியின் பெரும்பகுதி. இதனை வாசித்தபோது, எமது பேரன் சிறு வயதிலே இருட்டுக்குப் பயந்து விளக்கை அணைக்கவிடாமல் அழுதது ஞாபகத்துக்கு வந்தது.

சேதக்குடன் கரம்பீர் சிங் ஓட்டிய மற்றவை ருஷ்ய நாட்டுக் கமோவ் ஹெலிகொப்டர்கள். ஒரு குடையின்மேல் இன்னொரு குடையை விரித்தாற்போல இவற்றுக்கு ஒன்றின்மேலொன்றாக இரண்டு விசிறிகள். ஒன்று வலமாகச் சுழல மற்றது இடமாகச் சுழலும். சாதாரண ஹெலிகொப்டரின் வாலிலே ஒரு சிறு விசிறி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். தலைவிசிறி சுழலும் எதிர்த்திசையிலே உடலும் சுழன்றுவிடாமல் தடுப்பது அது. கமோவிலே இரண்டு விசிறிகளும் ஒன்றையொன்று சமப்படுத்திவிடுவதனால் வால்விசிறி வேண்டியதில்லை. ஆகவே உடல் குறுகியது. கப்பலின் சிறு இடத்துக்குள் அடங்கும். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதே அதன் தொழில். கடலுக்கு மேலே அசையாமல் நின்றுகொண்டு, துலாக்கயிற்றிலே வாளியை இறக்குவதுபோல ஒரு கேட்கும் கருவியை நீருக்குள் இறக்கும். கேட்டுவிட்டு மேலே இழுத்துக்கொண்டு, சற்றுத் தூரம் போய் மறுபடியும் இறக்கும். மணிக்கணக்காக இதே வேலை. வீரதீரம் என்று நாம் நினைத்திருந்ததற்கும் இதற்கும் வெகு தூரம். பொறுமையுள்ள மீன்பிடிகாரனின் வேலை என்றே தோன்றிற்று.

இனி, ஹெலிகொப்டர் ஓட்டி அட்மிரலாவது ஏன் பெரிய காரியம் என்பதற்கு வருவோம். கடற்படைகளிலே மேலே ஏறும் ஏணி கப்பல். எவ்வளவு திறமையாகப் பறந்தாலும், கப்பலை நடத்திக் காட்டாதவனுக்கு உயர்பதவி கிட்டாது. பறப்பவர்களுள்ளும் மதிப்பிலே ஏற்றத்தாழ்வு உண்டு. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து போர்விமானத்தைச் செலுத்தியவர்களே நாயகர்கள். இந்தியக் கடற்படைக்குத் தலைவராயிருந்த பறப்பாளர்களான தஹிலியானி, அருண் பிரகாஷ், சுரீஷ் மேத்தா ஆகிய மூவரும் அந்த வகுப்பினரே. அவர்களுள் தஹிலியானி 1961இல் விக்ராந்த் கப்பலிலே போர்விமானத்தை இறக்கிய முதலாவது இந்தியர். ஹெலிகொப்டர் ஓட்டியோ, கலியாண வீட்டிலே மாப்பிள்ளையின் காருக்குப் பின்னால் வரும் சாமான் வண்டிக்காரனைப் போன்றவர். அவர் வராவிட்டால் ஒன்றும் நடவாது. ஆனால் படத்திலே அவர் நிற்பதில்லை.

கரம்பீர் சிங் கப்பல் ஏணியிலே கீழ்ப்படியிலிருந்தே ஏறினார். முதலிலே கரையோரக் காவற்படையின் சாந்த்பீபி என்ற சிறு ரோந்துக் கப்பல். அகமத்நகரை மொகலாயப் படையிடமிருந்து காத்து நின்ற அரசியின் பெயர் அதற்கு. அதன்பின் விஜயதுர்க் என்னும் ஏவுகணைக் கப்பல். இவ்விரண்டிலும் ஹெலிகொப்டர் இறங்கக்கூடிய தளம் கிடையாது. தன்னுடைய தொழிற்குதிரை கால்வைக்க இடமில்லாத கப்பலிலே நின்று கட்டளையிட்ட அந்த மனிதருக்கு, தலைக்குமேல் ஏதாவதொரு சேதக் பறந்து போனபோது என்ன தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். மூன்றாவது, ராணா என்னும் நாசகாரிக் கப்பல். கமோவுக்கென்றே தளமும் அதன்கீழே கூடமும் அமைத்துக் கட்டிய வகையைச் சேர்ந்தது அது. நான்காவது, 1997இல் படையிலே சேர்ந்த டெல்லி. அதற்கிடையே நீலகிரியிலே வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியிலே படிப்பு, மும்பாயிலே கடற்படை விமான நிலையத்தின் பொறுப்பு, அந்தமான் நிக்கோபார் கூட்டுப்படையிலே தலைமை அலுவலர் பதவி, டெல்லித் தலைமையகத்திலே துணைத் தலைவர் பதவி என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. பட்டியல்கள் அலுப்பூட்டுவன, விடுவோம். 2017 அக்டோபர் இறுதியில் விசாகப்பட்டினத்திலே கிழக்குக் கடற்படைக்குத் தளபதியானார் என்பதை மாத்திரம் சொன்னாற் போதும்.

2019 மார்ச்சிலே, அவரை அடுத்த தலைவராக இந்திய அரசாங்கம் அறிவித்தது. அவரிலும் சேவையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். மூத்தவருக்கே முறை என்ற வழக்கம் விடப்பட்டதனால் அவர் படையினருக்குரிய தீர்ப்பாயத்துக்குப் போனார். இந்தச் சங்கதியை மறைத்துவிட்டு வெறும் புகழ்மாலை கட்டுவது முறையன்று என்பதற்காகவே எழுதுகின்றோம். பதவியேற்புத் தடைப்படவில்லை. அந்த ஆண்டு மே 31ஆம் திகதி கரம்பீர் சிங் இந்தியக் கடற்படையின் தலைவரானார். ஹெலிகொப்டர் ஓட்டியொருவர் அந்த ஆசனத்தில் அமர்ந்தது அதுவே முதன்முறை.

அமர்ந்தவுடனே அவர் செய்த காரியமொன்று எமக்கு மெத்தப் பிடித்துவிட்டது. பெரிய அதிகாரிகள் வரும்போது மாலையும் மலர்ச்செண்டும் வேண்டாம். பின்னாலே வரும் வாகனங்களைக் குறையுங்கள். ஒரே வைபவத்திலே பெரியவர்களுக்கு ஒருவகை உணவும் பாத்திரமும், சிறியவர்களுக்கு வேறுவகையும் வைக்கவேண்டாம் என்று கட்டளை பிறப்பித்தார். பரிசளிப்பு விழாவுக்கு வரும் பிரமுகருக்கென்று ஒரு மாதத்துக்கு முன்னிருந்தே பீங்கான் கோப்பை இரவல் வாங்கி அலைந்த எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குத்தான் இக்கட்டளையின் அருமை தெரியும்.

அதே ஆண்டு டிசம்பரில் அவர் இலங்கைக்கும் வந்து, திருகோணமலையிலுள்ள கடற்படைக் கழகத்திலே இளம் அதிகாரிகளின் அணிவகுப்பைப் பார்வையிட்டிருக்கிறார். திருகோணமலை என்றதும் எமக்கு இன்னொரு டிசம்பர் நினைவுக்கு வந்தது.

2004ஆம் ஆண்டு. கடல் பொங்கி வந்து போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ. தமக்கையார் அப்பொழுது திருகோணமலையிலே மகளின் புகுந்த வீட்டில் இருந்தார். வீடு மேட்டிலே இருந்தபடியால் தப்பிற்று. மத்தியானத்தில் அந்தச் சத்தம் கேட்டது. அக்கா ஒரு சொல்லும் பேசாமல் கட்டிலின்கீழே புகுந்துகொண்டார். கைக்கெட்டிய பேரனையும் இழுத்துக்கொண்டு போனார். அவனுக்கு அப்பொழுது மூன்று வயது. அவன் திமிறிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்து, தலைக்குமேலே போன ஹெலிகொப்டரைப் பார்த்துக் கைதட்டினானாம். அன்று துறைமுகத்திலே இந்தியக் கடற்படைக் கப்பல்களும் மருந்தும் உணவும் கொண்டு வந்து நின்றன. அவற்றிலிருந்தும் ஹெலிகொப்டர்கள் பறந்தன. முற்றத்துக்கு மேலாகப் போனது எவருடையது என்பதை நாம் அறியோம். கட்டிலின் கீழிருந்து அக்காவை வெளியே அழைப்பதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது என்பதை மாத்திரம் அறிவோம்.

அட்மிரலின் தலைமைக் காலத்துக்குத் திரும்புவோம். 2020இலே தொற்றுநோய் உலகத்தைக் கட்டிப்போட்டபோது, வெளிநாடுகளிலே அகப்பட்ட இந்தியர்களை அழைத்துவரக் கடற்படைக் கப்பல்கள் புறப்பட்டன. மாலைதீவு, இலங்கை, ஈரான் ஆகிய நாடுகளிலிருந்து 3,992 பேர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். ஜூன் மாதத் தொடக்கத்திலே ஜலஷ்வா என்னும் கப்பல் கொழும்பிலிருந்து 600க்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த ஆண்டு செப்டெம்பரிலே கொச்சியில், குமுதினி தியாகி, ரித்தி சிங் என்னும் இரண்டு இளம் பெண் அதிகாரிகள், போர்க்கப்பலிலிருந்து செல்லும் ஹெலிகொப்டர்களிலே அவதானிப்பாளர்களாகப் பணிபுரியத் தகுதி பெற்றனர். பெண்களுள் அவர்களே முதல்வர்.

2021 மே 17ஆம் திகதி, தௌக்தே என்று பெயரிட்ட புயலிலே, மும்பாய்க்கு அப்பாலுள்ள எண்ணெய் வயலிலே பி305 என்னும் தங்குமிடப் படகு நங்கூரம் அறுந்து மிதந்துபோய் அமிழ்ந்தது. அதிலே 261 பேர் இருந்தனர். அந்த இரவிலே ஹெலிகொப்டர்கள் பறக்கக்கூடிய காற்று அல்ல அது. கொச்சி, கொல்கத்தா முதலிய போர்க்கப்பல்கள் மலைபோன்ற அலைகளுக்கிடையே புகுந்து ஆட்களை ஒவ்வொருவராக வலையினாலும் கயிற்றினாலும் ஏற்றின. காற்றுச் சற்றுத் தணிந்தபின் ஹெலிகொப்டர்கள் வந்து தேடின. 180க்கும் மேற்பட்டோர் பிழைத்தனர், மற்றவர்கள் பிழைக்கவில்லை. ஹெலிகொப்டரிலிருந்து கயிறு இறக்கி மனிதரைக் கடலிலிருந்து மீட்ட முதல் நிகழ்ச்சியும் புயலிலே அகப்பட்ட எண்ணெய்ப் படகொன்றிலேதான் நடந்தது என்பது எமக்கு வியப்பாயிருந்தது. 1945 நவம்பர் 29ஆம் திகதி, அமெரிக்காவின் கனெக்ரிகட் கரையோரத்தில், சிகோர்ஸ்கி தொழிற்சாலையின் ஹெலிகொப்டர் ஒன்று இரண்டு பேரை அவ்வாறு தூக்கியெடுத்தது.

அவ்வாறு வாசித்துக்கொண்டு போகையில் எமது மனம் சிறிது சிறிதாகப் பேரன் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆயினும் வழக்கை ஒரு பக்கம் மாத்திரம் கேட்பது ஆகாது என்று மறுபக்கத்தையும் தேடினோம். தேடியதிலே அகப்பட்டதை மருமகளுக்கு நாம் கூறவில்லை. இந்தப் பத்திரிகை அவள் கைக்குக் கிட்டினால் அறிந்துகொள்வாள். 2005 ஏப்ரில் 2ஆம் திகதி, நிலநடுக்கத்தினால் இடிந்துபோன இந்தோனேசியாவின் நியாஸ் தீவுக்கு உதவி கொண்டுசென்ற அவுஸ்திரேலியக் கடற்படையின் ஹெலிகொப்டர் ஒன்று விழுந்தது. அதிலிருந்த பதினொருவருள் ஒன்பது பேர் மாண்டனர். மரையாணி கழன்றுவிடாமற் பூட்டிவைக்கும் ஒரு சிறிய பின் ஒழுங்காகப் பொருத்தப்படாமையே விபத்தின் மூலம் என்று விசாரணையிலே தெரியவந்தது. உயிர் காக்கப் போனவர்கள். கையளவு கூட இல்லாத ஓர் இரும்புத் துண்டு. 2021 அக்டோபரிலும் பிலிப்பைன் கடலிலே அவர்களுடைய ஹெலிகொப்டர் ஒன்று நீரிலே இறங்க நேர்ந்தது. அதிலிருந்த மூவரும் பிழைத்தனர்.

அந்தக் கடைசி ஹெலிகொப்டர் எம்எச்-60ஆர் என்னும் வகை. எமது பேரன் ஓட்ட விரும்புவது அதனையே. இந்தியக் கடற்படையும் இருபத்துநான்கு வாங்க உடன்பட்டு, முதலிரண்டையும் 2021 ஜூலையில், கரம்பீர் சிங் தலைவராயிருந்த காலத்திலேயே, பெற்றுக்கொண்டது. நாற்பத்தோராண்டுச் சேவையின் பின் அந்த நவம்பர் 30ஆம் திகதி அவர் ஓய்வு பெற்றார்.

இவ்வளவையும் வாசித்து முடித்து ஒரு சனிக்கிழமை மாலையிலே பேரனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். தமக்கையார் இப்பொழுது எம்முடனேயே இருக்கிறார். எண்பது வயதாகிறது, காது மந்தம், ஆனால் புத்தி மந்தமில்லை. இந்தச் சங்கதியை அவரிடமிருந்து மறைத்து வைப்பதென்று மருமகளும் நாமும் பேசியிருந்தோம். மேசையிலே கிடந்த படங்களைப் பார்த்துவிட்டு, "என்னடா தம்பி இது, ஹெலிப் படம்?" என்று கேட்டுவிட்டார். அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதபடியால் உள்ளதைச் சொன்னோம்; அட்மிரலையும், கயிற்றையும், எண்ணெய்ப் படகையும், அந்த இரண்டு பெண்களையும் சொன்னோம். அக்கா வெகுநேரம் பேசாமலிருந்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

பின்பு, "அது கயிறு இறக்கிற ஹெலியோ, சுடுற ஹெலியோ எண்டு கேள்" என்றார்.

பேனை எமது கையிலேயே நின்றுவிட்டது. விடை எமக்குத் தெரியும். அந்த வகை ஹெலிகொப்டரிலே கயிறும் உண்டு, நீர்மூழ்கியை அழிக்கும் டோர்ப்பிடோவும் உண்டு, ஏவுகணையும் உண்டு. சேதக்கைப் போல ஏழைக் குதிரையல்ல அது. இரண்டும் செய்யும் என்று அக்காவிடம் கூற எமக்கு வாய் வரவில்லை. கேட்டு எழுதுகிறோம் என்று மாத்திரம் கூறினோம்.

கடிதத்திலே, போ என்றும் எழுதவில்லை. போகாதே என்றும் எழுதவில்லை. வழக்கைத் தீர்க்காமல் தள்ளிவைத்த நீதிபதியென்று அவன் எம்மை எண்ணக்கூடும். அத்தான் பசு அவிழ்க்கப் போன காலையை முதன்முதலாக அவனுக்கு முழுமையாக எழுதினோம். அவனுடைய தாய் அதனை அவனுக்கு ஒருபோதும் கூறவில்லை என்பது எமக்குத் தெரியும். நியாஸ் தீவையும் எழுதினோம். திருகோணமலையிலே அவன் கைதட்டியதை எழுதினோம். ஈற்றிலே, அம்மம்மாவின் கேள்வி என்று தலைப்பிட்டு, அவர் கூறிய சொற்களை ஓரெழுத்தும் மாற்றாமல் எழுதி அனுப்பினோம்.

ஆறு நாட்களாகப் பதில் இல்லை. ஏழாம் நாள் ஒரே வரி வந்தது. மஞ்சள் முகம் ஒன்றும் அதிலே இருக்கவில்லை. "தாத்தா, அம்மம்மாவுக்கு நான் நேரிலே வந்து சொல்லுகிறேன்."

சித்திரையிலே வருகிறான். அக்கா இப்பொழுதே ஒடியல்மாவுக்கும் பனங்கட்டிக்கும் சொல்லிவைத்துவிட்டார். அவன் படுப்பதற்கு முன்னறையைக் கழுவிவிடும்படியும் கூறியிருக்கிறார். மருமகள் மட்டும் இன்னும் எம்முடன் பேசுவதில்லை.